நல்ல தண்ணீர் என்று நாம் சொல்வது எதனை?

வயிற்றுப்போக்கு நின்று, குழிவிழுந்த கண்களில் ஒளி திரும்பி, வீட்டுக்குப் புறப்படும் குழந்தையின் தாயிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘வீட்டில் குடிப்பதற்கு என்ன தண்ணீர்?’ தூத்துக்குடிக் கடற்கரையில் இதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘நல்ல தண்ணிதான்.’

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாயில் வைத்தால் கரிக்காதது நல்ல தண்ணீர். கரிப்பது உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் உப்புத் தண்ணீர் போதும்; உலை வைக்கவும் குடிக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில், கிணறு தோண்டினாலே கடல்நீர் எட்டிப்பார்க்கும் மண்ணில், பல தலைமுறைகள் நாவைக் கொண்டே நீரைத் தரம்பிரித்து வந்தன. அந்த அறிவை நாங்கள் குறைவாக மதிப்பிடவில்லை. ஆயினும் நாவுக்குத் தெரிவது உப்பு மட்டுமே. மலத்தில் இருந்து நீருக்குள் வந்துசேரும் கிருமிக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பாட்டி தம் இரண்டு வயதுப் பேரனை ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாக எங்களிடம் கொண்டுவந்தார். இரண்டு முறையும் வயிற்றுப்போக்கு. இரண்டாம் முறை உடலின் நீர் வெகுவாக வற்றியிருந்தது. தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அவருக்குச் சற்றே கோபம் வந்தது. “குழாயில வர்ற நல்ல தண்ணிதாம்மா குடுக்கோம். உப்புத் தண்ணியப் பிள்ளைக்குக் குடுப்போமா?” என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உண்மைக்கும் நோய்க்கும் இடையில் என்ன நடந்தது என்பதைக் கண்டறிய, அவருடைய வீட்டுக்கு மூன்று சிறு சோதனைக் குப்பிகளை அனுப்பினோம். ஒன்றில் தெருக்குழாய் நீர். மற்றொன்றில் வீட்டுக் குடத்து நீர். மூன்றாவதில் பேரன் குடிக்கும் தம்ளரில் இருந்த நீர். மறுநாள் காலையில் முதற் குப்பி வைக்கோல் நிறத்தில் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன.

அந்தக் குப்பிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்தக் கரைக்கு நீர் எவ்வாறு வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

திருச்செந்தூர் சென்றவர்கள் நாழிக்கிணற்றைக் கண்டிருப்பார்கள். அலையோசை கேட்கும் தொலைவில், ஒரு பெரிய கிணற்றுக்குள் சிறிய கிணறாக அமைந்த அந்த ஊற்றில் நீர் இனிக்கிறது. அடியார்க்கு அது அருள். நீரியலில் அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. மழைநீர் மணலில் இறங்கும்போது, தன்னைவிட எடைமிகுந்த கடல்நீரின் மீது அது எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். மோட்டார் வைத்து அந்த 1 அடியை உறிஞ்சிவிட்டால், கீழிருந்து உவர்நீர் அதே விகிதத்தில் மேலேறத் தொடங்கும். கடற்கரை மணலில் சிறு ஊற்றுப் பறித்துச் சிரட்டையால் மெல்ல மொண்டெடுத்த நம் பாட்டிமார் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை, அதன்படி நடந்தார்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்குக் கவலை தருவது இதில் வேறொன்று. இனிக்கும் நீர் மேலே, ஆழம் குறைந்த மணலில் நிற்கிறது. நம் வீட்டுக் கழிப்பறைக் குழிகளும் அதே மணலில்தான் இறங்குகின்றன. களிமண்ணைப்போல மணல் நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார விதி. நெருக்கமான கடலோரக் குடியிருப்பில் இரண்டு வீடுகளின் மொத்த அகலமே சில இடங்களில் அவ்வளவு இராது. ஆகவே கரிக்கும் கிணற்றை எவரும் குடிப்பதில்லை என்பதால் அதனால் வரும் கேடு குறைவு. ஊரார் தேடிவந்து மொண்டுசெல்லும் இனிப்பான கிணறே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. இதைச் சொன்னால் பலரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இவ்வட்டாரத்தில் நாம் முதலில் ஆய்வுக்கு அனுப்ப வேண்டியது, எல்லோரும் புகழும் அந்தக் கிணற்றின் நீரைத்தான்.

இந்தக் கரை அதற்கான விலையை முன்பே கொடுத்திருக்கிறது. முத்துச் சலாபம் நடந்த காலங்களில் குளியாட்களும் சம்மாட்டிகளும் வணிகரும் ஆயிரக்கணக்கில் கூடி, வெறும் மணற்கரை சில வாரங்களுக்குள் ஓர் ஊராகும். மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் இத்தகைய முகாம்களில் காலரா புகுந்ததை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. காலராக் கிருமியை இராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிசெய்தார். அங்கே மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அதைக் கண்டார். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு இங்கே நின்றுபோயிற்று. உவர்ப்பு கலந்த கழிமுகநீர் அந்தக் கிருமிக்கு உகந்த வாழிடம் என்பதை இன்று அறிவோம். உப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்னும் நம்பிக்கை ஊறுகாய்க்குப் பொருந்தும். கடற்கரைக் கிணற்றுக்குப் பொருந்தாது.

வல்லநாட்டிலிருந்து வரும் நீர்

தூத்துக்குடி நகரம் நன்னீருக்குத் தவித்த நெடுங்காலத்துக்குப் பின், நகராட்சித் தலைவராக இருந்த இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து முன்னின்று 1920-களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழி கொண்டுவந்தார். ஊரின் தந்தை என்று மக்கள் அவரை இன்றும் போற்றுவது இதன்பொருட்டே. ஒரு நகரத்தின் நலத்துக்கு மருத்துவமனைகளைவிடக் குழாய் செய்த நன்மை பெரிது என்று மருத்துவமனை மடலிலேயே எழுதுவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் ஆறு தாமிரபரணி. அதன் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் கடைமடையில் இருப்பவர்கள் மேலே உள்ள எல்லா ஊர்களின் பழக்கங்களையும் சேர்த்தே குடிக்கிறார்கள். ஆற்றில் சாக்கடை கலப்பது குறித்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆற்றுப்படுகையில் உறைகிணறு இறக்கி எடுக்கும் நீரை மணல் ஓரளவு வடிகட்டிவிடும். அதன் பின்னர்க் குளோரின் சேர்க்கப்படுகிறது. வீட்டுக் குழாயில் வந்து விழும்போதும் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 வகுத்த அளவு. அந்த மிச்சம் ஒரு காவலாள். குழாய்க்கும் வாய்க்கும் இடையில் ஏதேனும் அழுக்குச் சேர்ந்தால் அதை எதிர்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருப்பது. ‘மருந்து வாடை அடிக்கிறது’ என்று அந்த நீரைக் கொட்டிவிட்டு, வாடையற்ற கிணற்று நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களைக் காணும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குழாய் வெறுமையாக இருக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இராது. விரிசல் இருந்தால், அருகில் ஓடும் சாக்கடைநீர் உள்ளே கசியும். மீண்டும் நீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். வீட்டில் எவ்வளவு நீர்ப்பஞ்சம் இருந்தாலும், அந்த முதல் வாளி கழிப்பறைக்குப் போகட்டும்.

கறுக்கும் குப்பி

பாட்டியின் வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய குப்பி விலைமிகுந்த பொருளன்று. குவாலியரில் உள்ள பாதுகாப்புத்துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் அவருடைய இரு தோழர்களும் உருவாக்கி, 1982-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட முறை அது. உள்ளே மருந்து தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு ஒன்று இருக்கும். குறியிட்ட கோடுவரை நீரை நிரப்பி, மூடி, அறையின் வெதுவெதுப்பான மூலையில் வைத்துவிட வேண்டும். குடலில் வாழும் பல நுண்ணுயிர்கள் அந்த மருந்தில் உள்ள கந்தகச் சேர்மத்தைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வெளியிடும். அழுகிய முட்டையின் நாற்றம் உடையது அது. குப்பியில் உள்ள இரும்புடன் அது சேர்ந்தவுடன் நீர் கறுக்கும். பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். ஐயமிருப்பின் 48 மணி நேரம் வரை பார்க்கலாம்.

குளிர்நாடுகளில் இதற்கு வெப்பம் காக்கும் பெட்டி தேவைப்படும். தூத்துக்குடியின் வெயிலே நமக்குப் பெட்டி. நம் வெக்கை ஓர் ஆய்வுக்கு உதவுவது அரிதாதலால் இதைத் தனியே குறிப்பிடுகிறோம்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. இயற்கையாகவே கந்தகம் கலந்த ஆழ்கிணற்று நீர் தூய்மையாக இருந்தும் கறுக்கக்கூடும். கறுக்காத நீரில் நச்சுயிரிகள் இருக்கவும் கூடும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவை பற்றி அது வாயே திறக்காது. ஆகவே கறுத்த குப்பியை ‘இந்த நீரை இன்று முதல் கொதிக்கவைத்துக் குடியுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்’ என்னும் அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் கேட்கப்படும் கேள்வி இன்னும் கண்டிப்பானது: 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி என்னும் குடல்கிருமி ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. பார்த்து முடித்த குப்பியில் கோடிக்கணக்கில் கிருமிகள் வளர்ந்திருக்கும். அதனுள் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சில மணி நேரம் வைத்த பிறகே கழிப்பறையில் கொட்ட வேண்டும். பிள்ளைகளின் கைக்கு அது எட்டக்கூடாது.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு 5 பெண்களுக்கு நீர்ச்சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கப்படுகிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் பெட்டியைத் திறந்தே பல நாள் ஆகியிருக்கலாம். நாலு பேர் கேட்டால் திறப்பார்கள்.

குடத்துக்குள் நடப்பது

குழாயில் காவலாளுடன் வந்த நீர் குடத்தில் எப்படிக் கெட்டது? பாட்டியின் வீட்டில் இரண்டு நாள்களுக்கு ஒருமுறை நீர் வருகிறது. வாயகன்ற பிளாஸ்டிக் குடத்தில் அது திறந்தே நின்றது. முதல்நாள் மாலைக்குள்ளாகவே குளோரின் ஆவியாகிவிட்டது. பிறகு, வீட்டில் உள்ள ஏழு பேரும் தம்ளரை விரல்களோடு முக்கி மொண்டார்கள். மீன் கழுவிய கையும், குழந்தைக்குக் கால்கழுவிவிட்ட கையும் அதில் அடக்கம். எவரும் அழுக்கானவர்கள் அல்லர். அந்த வீடு எங்கள் அலுவலக அறையைவிடத் துப்புரவாக இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இது ஒரு வீட்டின் கதையன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்நகரின் வீடுகளில் சேமித்த நீரைத் தொடர்ந்து சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் நீர் வீட்டுக்கு வந்த பிறகு மேலும் மாசுபட்டிருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த வீடுகளில் மாசு குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள். பெங்களூரில் நடந்து 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, சீதபேதி முதலியவற்றின் கிருமிகள் மடிந்தன. பரணில் கிடக்கும் பித்தளைத் தவலையையும் செப்புக் குடத்தையும் பழைய பாத்திரக்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை எண்ணிப்பாருங்கள். ஆனால் செம்பிலும் பித்தளையிலும் மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளித்த பொருளை ஊற்றி வைக்கலாகாது. 16 மணி நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊற்றிய உடனே செம்பு எதையும் செய்துவிடாது.

இவற்றைவிட எளியது பாத்திரத்தின் வாய். 1980-களில் கொல்கத்தாவின் குடிசைப்பகுதிகளில் காலரா நோயாளிகள் இருந்த வீடுகளுக்குச் ‘சொராய்’ எனப்படும் குறுகிய கழுத்துடைய மண்கூசாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற வீடுகளைவிட அவ்வீடுகளில் கிருமித்தொற்று கணிசமாகக் குறைந்தது. கை உள்ளே நுழைய முடியவில்லை என்பது மட்டுமே காரணம். நம் வீடுகளில் பயணத்துக்கென வைத்திருந்த கூஜாவும் அதே வேலையைச் செய்யும். அடியில் திருகுகுழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இன்னும் நல்லது. இரண்டுமே இல்லையெனில், நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை ஒன்றைக் குடத்துக்கென்றே ஒதுக்கி, ஆணியில் மாட்டி வையுங்கள். தரையில் வைக்க வேண்டாம்.

ஊர்ப்புறங்களில் கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கமே, மண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். தெளிந்த நீரில் குளோரினும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. தேற்றிய நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். குமிழி பொங்கிக் குதிக்கத் தொடங்கிய பின் 1 நிமிடம் போதும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடத்தின் அழுக்கும் சேர்ந்துவிடும்.

இரண்டு கம்பிகளின் வித்தை

தண்ணீருக்குள் ஒரு பேனாவை நீட்டி எண்ணைக் காட்டும் விற்பனையாளர்கள் இப்போது எல்லாத் தெருக்களிலும் வருகிறார்கள். அந்தப் பேனா டி.டி.எஸ். மீட்டர். நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் அளவைக் கணிக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது ஐ.எஸ். 10500. உவர்நீர்க் கரையில் வாழும் நமக்கு அது பயனுள்ள கருவிதான். ஆனால் கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாக்கடைத் துளி ஒன்றை ஆர்.ஓ. நீரில் விட்டாலும் அந்த எண் அசையாது.

அதற்கு அடுத்தது இன்னும் மோசம். இரண்டு கிண்ணங்களில் உங்கள் குழாய்நீரையும் ஆர்.ஓ. நீரையும் ஊற்றி, இரும்புக் கம்பிகளுள்ள ஒரு கருவியை உள்ளே வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். உங்கள் நீர் செம்பழுப்பாகத் திரண்டு, பார்க்கவே குமட்டும். ‘இதைத்தான் நீங்கள் தினமும் குடிக்கிறீர்கள்’ என்பார்கள். திரண்டு நிற்பது அந்தக் கம்பியின் துரு. உப்பு கலந்த நீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை; அது தெளிவாகவே நிற்கும். அந்தத் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுக்கும். நோயாளியின் மருந்துக்கென வைத்திருந்த பணத்தை இந்த வித்தைக்கு இழந்துவிட்டு வந்து எங்களிடம் வருந்திய குடும்பங்கள் உண்டு.

ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிணற்று நீர் கரிக்குமானால், நைட்ரேட்டோ ஃபுளோரைடோ மிகுந்திருக்குமானால் அது தேவை. இவற்றைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. நீர் வற்றவற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு நீரால் பற்களும் எலும்புகளும் கெட்டதற்கு அரசு கண்ட தீர்வு, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரையே கொண்டுவந்தது. ஆனால் சோதித்து, தேவை அறிந்து வாங்குவது வேறு. கம்பி வித்தை பார்த்து வாங்குவது வேறு. கருவியின் தொட்டியையும் திருகுகுழாயையும் கழுவாமல் விட்டால் அங்கேயும் கிருமி வளரும். 20 லிட்டர் கேன் வாங்குவோர், முத்திரை உடையாமலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிடப்பட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் நின்ற கேனைத் தவிருங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நீருக்கு நடுவே சிக்கினார்கள். ஆற்றிலுள்ள குடிநீர்த் தலைமை நிலையங்களும் சேதமடைந்தன. சுற்றிலும் நீர், குடிக்க நீரில்லை. கழிவுக்குழிகளும் கிணறுகளும் ஒரே நீர்ப்பரப்பின் கீழ் மூழ்கிய பிறகு, எந்தக் கிணற்றையும் பழைய நம்பிக்கையோடு அணுகக் கூடாது.

மூழ்கிய கிணற்றை முதலில் இறைத்துவிட வேண்டும். நீர் ஊறிய பின் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். வழக்கமான நாள்களுக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது அடிப்படை அளவு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம் அளவு. வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றுக்கு இது போதாது. எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். தூளை நேரே கொட்டாமல், வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவது முறை. 1 மணி நேரம் கழிந்தபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். திறந்துவைத்துப் பழசான பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும். வீட்டுக்குக் கொடுக்கப்படும் குளோரின் மாத்திரையை உறையில் சொல்லியபடி நீரில் இட்டு, 30 நிமிடம் காத்திருந்து குடியுங்கள். மாத்திரையை வாயில் போட்டு நீர் குடித்துவிட்டு வந்த ஒருவரை நாங்கள் கண்டிருப்பதால் இதை எழுதுகிறோம்.

எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குச் செல்பவர்களுக்கு

6 மாதம் நிறையாத குழந்தைக்கு, சித்திரை வெயிலாயினும், தாய்ப்பாலன்றித் தண்ணீரே வேண்டியதில்லை. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் கிணற்று நீரின் நைட்ரேட் அளவைக் கட்டாயம் அறிய வேண்டும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பச்சிளங்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாயக்கூடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டவர்கள், மாற்றுறுப்புப் பெற்றவர்கள் ஆகியோர் எந்த ஊர் நீரையும் கொதிக்கவைக்காமல் அருந்தலாகாது. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் கரிக்கும் நீரைப் பழக்கப்படுத்திக்கொண்டு குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வங்கதேசக் கடற்கரையில், குடிநீரின் உப்புக்கும் கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் அதைக் குடித்தால் மாத்திரை என்ன செய்யும்?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் நீரைச் சோதிக்கலாம். உப்பு முதலியவற்றைச் சோதிக்க, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்பிக் கொண்டுசெல்லுங்கள். கிருமிச் சோதனைக்கு முறை நேர்மாறானது. ஆய்வகம் கொடுக்கும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. அதன் அடியில் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். குழாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் நீரை ஓடவிட்டு, பாட்டிலின் வாயில் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டியோடு வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாதிரி எடுப்பது மேல்: ஒன்று குழாயிலிருந்து, மற்றொன்று உங்கள் வீட்டில் குடிக்கும் தம்ளரிலிருந்து.

அந்தப் பாட்டி இப்போது திருகுகுழாய் வைத்த டிரம் ஒன்றை வாங்கிவிட்டார். மறுசோதனையில் இரண்டு நாளாகியும் குப்பி கறுக்கவில்லை. பேரன் அதற்குப்பின் வயிற்றுப்போக்கோடு எங்களிடம் வரவில்லை, தடுப்பூசிக்காக வந்தான். தம்ளரை முக்கித் தானே மொண்டு பழகியவனுக்குத் திருகைத் திறப்பதே விளையாட்டாகிவிட்டதாம். “நாள்பூரா தொறந்துவிட்டுட்டே இருக்கான், வீடே ஈரமாக் கெடக்கு” என்று பாட்டி எங்கள் செவிலியரிடம் குறைப்பட்டுக்கொண்டார். டிரம்மை இன்னும் ஒரு முழம் உயரத்தில் வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.